நாய் உண்ணி: வேப்பிலை எதுவரை, மருந்து எங்கிருந்து

ஞாயிற்றுக்கிழமை வேப்பிலைத் தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் இருந்த உண்ணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் போட்டாயிற்று. அடுத்த ஞாயிறு பார்த்தால் அதே இடங்களில் அதே அளவு உண்ணி. நாய் வளர்க்கும் வீடுகளில் இது மாதக்கணக்கில் நடக்கும். வேம்பு பலிக்கவில்லை என்று ஒரு சாரார் கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் ஊற்றத் தொடங்குகிறார்கள். இன்னொரு சாரார் வேம்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இரு தரப்பும் நாயின் உடம்பை மட்டுமே பார்க்கிறார்கள். உண்ணிக்கு எதிரான வேலை மூன்று இடங்களில் நடக்க வேண்டும்: நாயின் தோலில், வீட்டின் சந்துபொந்துகளில், நாயின் ரத்தத்தில். கைவைத்தியம் முதல் இரண்டு இடங்களில் நன்றாகவே கைகொடுக்கும். மூன்றாவது இடத்தில் அதை நம்பி நாள் கடத்தியதால் இறந்த நாய்கள் ஏராளம்.

மூன்று முறை குடிக்கும், மூன்று முறை விழும்

நம் ஊர் வீட்டு நாய்களில் அதிகம் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. ரைபிசெஃபாலஸ் சாங்குவினியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். உண்பது உண்ணி என்று தமிழ் வைத்த பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அது உண்ணும் காலத்தைவிட ஒளிந்திருக்கும் காலம் பல மடங்கு அதிகம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஆறு கால்களோடு குண்டூசித் தலையைவிடச் சிறிதாக இருக்கும். நாய்மேல் ஏறி 3 முதல் 7 நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். எங்காவது ஒரு விரிசலில் தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறும், ஒரு வாரம்போலக் குடிக்கும், விழும். மறுபடி தோலுரித்து முழு வளர்ச்சி பெறும். மூன்றாவது முறை ஏறும் பெண் உண்ணிதான், குடித்துக் குடித்து ஆமணக்குக் கொட்டைபோல் சாம்பல் நிறத்தில் உப்பி, நம் கண்ணில் படுவது. அதுவும் விழும். விழுந்த இடத்தருகே சுவர் இடுக்கில் 4,000 வரை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

வெயில் ஊரில் இந்தச் சுற்று ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஆண்டு முழுக்க அடுத்தடுத்த தலைமுறைகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் நாய்மேல் நாம் பார்க்கும் உண்ணி, அந்த வீட்டில் இருக்கும் உண்ணிகளில் சிறு பங்குதான். முழு வளர்ச்சி பெற்ற உண்ணி நாய் கிடைக்காவிட்டால் பட்டினியாக மாதக்கணக்கில் காத்திருக்கும். ஓர் ஆண்டைத் தாண்டியும் உயிரோடு இருக்கக்கூடும். விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தானே அழிந்துவிடும் என்ற கணக்கு இதனால்தான் பொய்த்துப்போகிறது.

இன்னொரு குணமும் முக்கியம். இந்த உண்ணி மேல்நோக்கி ஏறும். நாய் படுக்கும் இடத்தின் தரையைக் கழுவிவிட்டு, அதே இடத்தில் ஆள் உயரச் சுவரில் பெயர்ந்த பூச்சையும் ஸ்விட்ச் பெட்டியின் ஓரத்தையும் கதவு நிலையின் இடைவெளியையும் விட்டுவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை என்று பொருள்.

கையால் செய்வது

எந்த மூலிகையும் எந்த மாத்திரையும் வருவதற்கு முன்னால் தினசரித் தடவிப் பார்த்தல். மாலை நடை முடிந்து வந்ததும் ஐந்து நிமிடம் போதும். காது மடலின் உள்பக்கத்தில் தொடங்கி, கண் இமை ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்பக்கம், கடைசியாக நான்கு பாதங்களிலும் விரல்களுக்கு நடுவே. கண்ணைவிட விரல் நுனிதான் விரைவில் கண்டுபிடிக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களில் எளிது. லாப்ரடார், ஸ்பிட்ஸ் போன்ற அடர்முடி நாய்களில் முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளித்தள்ளிப் பார்க்க வேண்டும்.

தினமும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா என்ற கிருமியை நாயின் ரத்தத்துக்குள் செலுத்திவிட முடியும். வாரம் ஒருமுறை பொறுக்குவது அழகுக்கு உதவும், நோயைத் தடுக்க உதவாது.

எடுக்கும்போது நுனி கூர்மையான இடுக்கியால் உண்ணியின் உடம்பைப் பிடிக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, சீரான விசையில் நேராக மேலே இழுக்க வேண்டும். திருக வேண்டாம், வெடுக்கென்று பிடுங்கவும் வேண்டாம். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுவத்தியால் சுடுவது, உப்பிய வயிற்றை நசுக்குவது இவையெல்லாம் உண்ணி தன் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் நாயின் உடம்புக்குள் திருப்பித் தள்ள வழிசெய்கின்றன. வாய்த் துணுக்கு உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் ஊசியால் நோண்டாதீர்கள். சிறு கட்டிபோல் வீங்கி, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். பிடுங்கிய இடத்தில் ஒரு சிட்டிகை மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொட்டு வைக்கலாம். அல்லது போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பால் விடாத வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்துத் துடைக்கலாம்.

பிடுங்கியதைத் தரையில் போட்டுக் காலால் தேய்க்கும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட சிறு புட்டியில் போடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் உண்ணி எளிதில் சாகாது. நாயே கடித்துத் தின்னும்படியும் விடக் கூடாது. ஹெபடோசூன் என்ற ஒட்டுண்ணி, உண்ணியை நாய் விழுங்குவதால்தான் தொற்றுகிறது.

மாட்டுக்குச் சொன்னது நாய்க்கு ஆகாது

மூலிகை என்றதும் பலரும் பகிர்வது கால்நடைகளுக்கான ஒரு செய்முறை. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தியின் மரபுசார் மூலிகை மருத்துவப் பணிகளால் பரவலானது அது. பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம் பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் உடம்பிலும் தொழுவத்தின் இடுக்குகளிலும் தெளிப்பார்கள். மாட்டுக்கு நல்ல வைத்தியம். அதை அப்படியே நாய்க்கு ஊற்றுவதில்தான் தவறு. நாய் தன் உடம்பில் எட்டும் இடத்தையெல்லாம் நக்கும், தோலில் ஊற்றியது வயிற்றுக்குள் போகும். பூண்டும் வெங்காயமும் நாயின், அதைவிடக் கூடுதலாகப் பூனையின், சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஏற்கெனவே உண்ணி பரப்பிய நோயால் ரத்தம் குறைந்து நிற்கும் நாய்க்கு இது இரட்டை அடி. அந்தக் கரைசலை நாய்க்கூண்டின் சுவருக்குத் தெளிக்கலாம். காய்ந்த பிறகே நாயை விட வேண்டும்.

நாய்க்கு எளிய வேப்பங்கஷாயம் போதும். இரண்டு கைப்பிடி புதிய வேப்பிலையை 2 லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிட்டு வடிகட்டுங்கள். வழக்கமான நாய் ஷாம்பூவில் குளிப்பாட்டி அலசிய பின், கண்ணையும் வாயையும் தவிர்த்துக் கடைசியாக இதை ஊற்றி, மறுபடி அலசாமல் துவட்ட வேண்டும். தோல் அரிப்பு குறையும், புதிதாக ஏறும் உண்ணிகள் ஓரளவு தயங்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியையும் தோலுரித்தலையும் குலைக்கிற பொருள். கடித்துத் தொங்கும் உப்பிய உண்ணியை உடனே கொல்லும் நஞ்சு அல்ல. அது விழவில்லை என்று கஷாயத்தைக் கெட்டியாக்கிக்கொண்டே போவதில் பயனில்லை.

வேப்பெண்ணெயைத் தனியாகத் தடவுவது தோலை எரிக்கும். நக்கினால் வாந்தி, எச்சில் ஒழுகல். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் என்று கலந்து, தொடையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பார்த்து, சிவக்காவிட்டால் மட்டும் கழுத்தின் பின்புறத்திலும் காது மடலின் வெளிப்புறத்திலும் லேசாகத் தடவலாம். குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் வேண்டாம்.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இதைக் கைவிடும்படி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கற்பூரம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அளவு மிஞ்சினால் நடுக்கமும் வலிப்பும் வரும். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் இவையும் அந்த வரிசைதான். மனிதர்களுக்கான சோப்பும் ஷாம்பூவும் நஞ்சு இல்லை என்றாலும் பொருந்தாது. நம் தோல் அமிலத்தன்மை கூடியது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. நம் சோப்பு அதை வறளவைக்கும், வறண்ட தோலில் சொறிந்து சொறிந்து புண் வரும்.

வீட்டுக்குள் மூன்று மாதம்

நாய் அதிகம் படுக்கும் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்துமிடத்து மூலை, சோபாவின் பின்புறம், எதுவானாலும் அங்கிருந்து ஆரம்பித்து நாலாபுறமும் விரிய வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் விரிசல்களில் கசகசாவைக் கொட்டியதுபோல் பழுப்புக் குவியல் தெரியும். அவை முட்டைகள். செல்லோடேப்பை அழுத்தி எடுத்து, மடித்து ஒட்டி, ஸ்பிரிட்டில் போடுங்கள். தரை விரிசல்களில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாம். அதன்பின் வெள்ளை சிமென்டாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ விரிசலை அடைத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிக நீண்டதும் இந்தப் பூச்சு வேலைதான். ஆனால் யாரும் இதை வைத்தியமாக நினைப்பதில்லை.

நாய்க்குச் சாக்கு விரிக்காதீர்கள். அதன் முடிச்சுகளுக்குள் இளம் உண்ணிகள் பதுங்கும். பழைய பருத்திப் புடவையோ போர்வையோ போதும், வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் மட்டும் போதாது, வறட்சியைத் தாங்குவதில் இந்த உண்ணி கெட்டிக்காரன். அடைக்க முடியாத இடுக்குகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து தெளிக்கலாம். திரவம் சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். ஒளியில் அசாடிராக்டின் சில நாளில் சிதைந்துவிடும் என்பதால் அன்றன்று கலந்து, வாரந்தோறும் தெளிக்க வேண்டும். நொச்சிப் புகையும் சாம்பிராணியும் இடுக்குக்குள் எட்டாது, நாயின் மூக்கைத்தான் உறுத்தும்.

இதை மூன்று மாதம் தொடர வேண்டும். ஒரு சுற்று இரண்டு மாதம், தப்பியவற்றுக்கு இன்னொரு மாதம். ஆறாவது வாரத்தில் உண்ணி குறைந்ததும் நிறுத்திவிடுவது எங்கும் நடக்கும் தவறு. அந்த நேரத்தில்தான் சுவருக்குள் அடுத்த தலைமுறை தோலுரித்துக்கொண்டிருக்கும்.

ரசாயன மருந்து பற்றி

வீட்டில் உண்ணி பெருகிவிட்டதென்றால் வேம்பும் கையும் மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் வகை மாத்திரைகள் நாயையே ஒரு பொறியாக்குகின்றன. ஏறிக் கடிக்கும் உண்ணி முட்டையிடும் முன் செத்துவிழும். அஃபாக்சோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூரலானர் பழுப்பு நாய் உண்ணிக்கு எத்தனை வார இடைவெளி என்பதை மருத்துவர் சொல்வார். கடித்த பிறகே கொல்லும் என்பதால் இவற்றைத் தந்தாலும் தினசரிச் சோதனை தேவை. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகையில் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் அறிவித்தது. அப்படியொரு வரலாறு இருந்தால் மாத்திரை எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர், மறுநாளே வேப்பஞ்சோப்பு போட்டுக் குளிப்பாட்டியவர்கள். விடுவதற்கு முன் 2 நாள், விட்ட பின் 2 நாள் குளியல் வேண்டாம். மாட்டுக்கென விற்கும் அமிட்ராஸ், சைபர்மெத்ரின் கரைசல்களைக் கண்ணளவில் கலந்து நாய்க்கு ஊற்றுவது மிகவும் ஆபத்து. அமிட்ராஸ் கூடினால் நாய் மயங்கிச் சரியும், இதயத்துடிப்பு குறையும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும். நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் அட்டையைப் படிக்காமல் எதையும் திறக்காதீர்கள்.

ரத்தத்துக்குள் போன பின்

எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நூற்றுக்கணக்கான நாய்களைக் கொன்றதும் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை அல்சேஷன்கள், அந்த இனத்துக்கு இந்நோய் இன்றும் கடுமையாகவே வருகிறது. கடித்து 8 முதல் 20 நாளில் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, கழுத்துக் கட்டிகள் வீங்குதல். சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம், வயிற்றிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள், கண்ணில் மங்கல். சிகிச்சையில்லாமலே இரண்டு மூன்று வாரத்தில் தேறியதுபோல் தெரியும். அந்தத் தேறுதல்தான் ஏமாற்று. கிருமி மண்ணீரலில் மறைந்திருந்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து எலும்பு மஜ்ஜையை முடக்கிப் போடும்போது காப்பாற்றுவது கடினம்.

ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூக்கு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் 2 சென்டிமீட்டர் செருகிப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்து, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் அது பெரும்பாலும் உண்ணி பரப்பும் பேபீசியா என்ற இன்னொரு ரத்த ஒட்டுண்ணி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்கக் கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்தான் முதலில் பார்க்கப்படும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பொதுவாக 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை, 30 ஆயிரத்துக்குக் கீழ் இறங்கினால் ரத்தம் தானாகவே கசியத் தொடங்கலாம். அணுக்கள் ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைவாக எண்ணிவிடும், எனவே கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பேபீசியாவுக்கும் அதே தகடு துப்புத் தரும்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினமும், 28 நாள். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 200 மில்லிகிராம். தொடங்கி இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும். ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்துவதும் அதனால்தான், ஆறு மாதம் கழித்து நோய் திரும்புவதும் அதனால்தான். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சாப்பாட்டோடு கொடுங்கள். பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பேபீசியாவுக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது, அதற்கு வேறு ஊசி, வேறு மருந்து. எது என்று தெரியாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது இதனால்தான் தவறு.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தட்டணு எண்ணிக்கை ஏறினாலும், அதைச் சிதைத்துக்கொண்டிருக்கும் கிருமி உள்ளேயே இருக்கும். கசப்பால் நாய் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டால் நட்டம்தான். குழையவிட்ட சோறும் எலும்பு நீக்கிய வேகவைத்த கோழியும், சிறிதளவு வேகவைத்த ஈரலும், வெங்காயம் பூண்டு சேர்க்காமல், நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது இந்த நாட்களில் உண்மையான கைவைத்தியம்.

சிகிச்சை முடிந்ததும் விரைவுச் சோதனை அட்டையில் மறுபடி பார்த்து, இன்னும் நோய் இருக்கிறது என்று பதறுபவர்கள் உண்டு. அந்த அட்டை காட்டுவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கிய எதிர்ப்பணுக்களை. நோய் போன பிறகும் மாதக்கணக்கில் அவை ரத்தத்தில் இருக்கும். குணமானதா என்பதைத் தட்டணு எண்ணிக்கையிலும், தேவைப்பட்டால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையிலும்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை வந்ததால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பும் இந்நோயில் கிடையாது. 28-ஆம் நாள் சுவர் விரிசல் அப்படியே திறந்திருந்தால் 29-ஆம் நாளே மறுபடி தொற்றலாம்.

மழைக்கால நாளிதழ்களில் வரும் உண்ணிக் காய்ச்சல் செய்தியைப் படித்துவிட்டு நாயைத் தெருவில் விட்டவர்களும் உண்டு. அது ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும் வேறொரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு மனிதரைக் கடிப்பதால் வருவது. நாய் உண்ணியால் வருவதும் அல்ல, நாயிடமிருந்து ஒட்டுவதும் அல்ல. நாய் உண்ணி அரிதாக மனிதரைக் கடித்து வேறொரு காய்ச்சலைத் தரக்கூடும் என்பதால், உண்ணியை வெறும் விரலால் நசுக்காமல் கையுறை போட்டு எடுப்பது நல்லது.

வாசலில் சோறு போடும் தெரு நாய்களையும் மறந்துவிட வேண்டாம். அவை மதியத்தில் படுக்கும் கேட்டுச் சுவரின் நிழல்தான் பல வீடுகளுக்கு உண்ணி வந்துசேரும் வழி. சோற்றுத் தட்டைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் அவற்றின் எடையைத் தோராயமாகச் சொல்லி, உண்ணி மாத்திரையை ஒரு துண்டு கோழிக்குள் வைத்துக் கொடுங்கள். அதற்கு முன் குட்டி ஈன்று பால் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்படியிருந்தால் மருந்து எது என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.